டிராக்டரும் கலப்பையும்: ஒரு பொருத்தத்தின் வரலாறு

நுகத்தின் ஒரு புறம் நெட்டை மாட்டையும் மறுபுறம் குட்டை மாட்டையும் பூட்டி உழ எந்தக் குடியானவரும் சம்மதிக்க மாட்டார். ஜோடி ஒத்திருக்க வேண்டும். ஜோடியின் வலுவுக்கு ஏற்ற ஏர் வேண்டும். அந்த ஏர் அவருடைய மண்ணுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். கிராமத்துத் தச்சர் மாட்டின் உயரத்தைப் பார்த்தே ஏர்க்காலின் நீளத்தையும் சாய்வையும் தீர்மானிப்பார். ஏர்க்காலை நுகத்தடியுடன் பிணைக்கும் இடத்தை நாலு விரற்கடை முன்னோ பின்னோ மாற்றினால் கொழு ஆழ இறங்கும், அல்லது மேலே எழும்பும். இந்த அறிவு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைப்பழக்கமாக வந்து சேர்ந்தது.

மாட்டின் இடத்தில் டிராக்டர் வந்து நின்றபோது, இப்பழைய அறிவு சிறிது காலம் மறக்கப்பட்டது. டிராக்டர் நம் நாட்டுக்கு வந்த கதையைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் டிராக்டரின் பின்னால் என்ன கட்டப்பட்டது, அது அந்த டிராக்டருக்குப் பொருந்தியதா என்ற கதையை அவ்வளவாக எவரும் எடுத்துச் சொல்வதில்லை. உண்மையில் நிலத்தை உழுவது டிராக்டர் அன்று, கலப்பையே உழுகிறது. பணம் கொடுத்து வாங்குவது குதிரைத் திறனை. பயன் கிடைப்பது கொழுமுனையில். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தில்தான் பல குடும்பங்களின் கடனும் லாபமும் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்றன.

முதலில் மாட்டின் காலத்தையே சற்றுப் பார்ப்போம். 1889-ஆம் ஆண்டில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கில விவசாய ரசாயன நிபுணர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாட்டின் பல பகுதிகளிலும் சுற்றிப் பார்த்து, இந்திய விவசாயத்தின் அபிவிருத்தியைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை 1893-இல் வெளிவந்தது. இந்தியக் குடியானவன் பிற்போக்கானவன், அவனுடைய கலப்பை வெறும் மரக்கட்டை என்ற பேச்சு அதிகாரிகளிடையே மலிந்திருந்த காலம் அது. வோல்க்கர் அக்கூற்றை ஏற்கவில்லை. நாட்டுக் கலப்பை இலேசானது, மலிவானது, ஊரிலேயே செப்பனிடத்தக்கது, அதை இழுக்கும் சிறிய மாடுகளுக்கு ஏற்றது என்பதை அவர் கண்டுகொண்டார். சீமையிலிருந்து தருவித்த கனமான இரும்புக் கலப்பைகள் பயன்படாமற் போனதற்குக் குடியானவரின் பிடிவாதம் மட்டும் காரணமன்று. அவற்றை இழுக்கும் வலு அவருடைய மாடுகளுக்கு இல்லை.

நம் நாட்டின் கலப்பைகளும் ஒரே விதமானவை அல்ல. வங்காளத்துச் சேற்று வயல்களில் ஒருவர் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய இலேசான ஏர் உண்டு. தக்கணத்துக் கரிசல் பூமியிலோ, புல்வேரை அறுத்து எறிவதற்கென்றே பல ஜோடி மாடுகள் சேர்ந்து இழுக்கும் ‘நாங்கர்’ என்னும் பெருங்கலப்பை வழக்கத்தில் இருந்தது. அந்தத் தக்கணத்தைச் சேர்ந்த இலட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1903 வாக்கில் இரும்புக் கலப்பைகளைச் செய்யத் தொடங்கினார். இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகும் என்று அஞ்சிய குடியானவர்கள் தொடக்கத்தில் அவற்றை வாங்கத் தயங்கினர் என்று கூறுவர். பின்னர் அதே கலப்பை அப்பகுதியெங்கும் பரவியதற்குக் காரணம், அது அந்த மண்ணையும் அந்த மாட்டையும் அறிந்து செய்யப்பட்டதேயாகும். வட இந்தியாவில் புழக்கத்துக்கு வந்த மெஸ்டன் கலப்பை சிறிதாகவும் இலேசாகவும் அமைந்ததும் இதே நோக்கத்தினால்தான்.

மாட்டுக்கு நாம் பார்த்த இந்தப் பொருத்தத்தை யந்திரத்துக்கும் பார்க்க வேண்டும் என்று முதன்முதலில் பிடிவாதமாக வற்புறுத்தியவர் ஓர் அயர்லாந்துக்காரர். ஹாரி பெர்குஸன் 1884-இல் அயர்லாந்தின் டௌன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெல்பாஸ்ட் நகரில் மோட்டார்த் தொழிலில் ஈடுபட்டு, 1909 டிசம்பர் 31-ஆம் நாள் தாமே செய்த விமானத்தில் பறந்து அயர்லாந்தின் முதல் விமானி என்ற பெயரும் பெற்றார். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. உழுநிலத்தைப் பெருக்க வேண்டிய நெருக்கடியில், அயர்லாந்திலுள்ள டிராக்டர்களின் வேலைத் திறனை மேம்படுத்தும் பொறுப்பை ஐரிஷ் விவசாய வாரியம் 1917-இல் அவரிடம் ஒப்படைத்தது. தம் உதவியாளர் வில்லியம் சாண்ட்ஸுடன் அவர் ஊர் ஊராகச் சென்றார்.

அவர் கண்ட காட்சி இதுதான்: டிராக்டர் புதிது, கலப்பை பழையது. குதிரைக்காகச் செய்த கலப்பையைச் சங்கிலியால் டிராக்டரின் வாலில் கட்டியிருந்தார்கள். டிராக்டரை ஓட்ட ஒருவர், கலப்பையின் நெம்புகோலைப் பிடிக்க மற்றொருவர். கலப்பை நிலத்தில் நிற்பதற்காக அதன் கனம் கூட்டப்பட்டிருந்தது. அக்கனத்தை இழுப்பதற்காக டிராக்டரின் கனமும் கூட்டப்பட்டிருந்தது. இரண்டின் கனமும் சேர்ந்து, உழ வேண்டிய மண்ணையே இறுக்கின. இதைவிடக் கொடியது ஒன்றும் இருந்தது. கலப்பை மண்ணுக்கடியில் ஒரு பாறையிலோ மரவேரிலோ சிக்கிக்கொண்டால், பின்சக்கரங்கள் நகர முடியாமல் போக, டிராக்டரின் முன்புறம் மேலே எழும்பி ஓட்டுநரின்மீதே கவிழ்ந்துவிடும். அக்காலத்து இலேசான போர்ட்சன் டிராக்டர்களில் இவ்வாறு உயிரிழந்தவர்கள் பலர்.

பெர்குஸனின் முடிவு எளிமையானது. டிராக்டரும் கலப்பையும் இரண்டு யந்திரங்கள் அல்ல, ஒரே யந்திரத்தின் இரு உறுப்புக்கள். அவற்றைச் சேர்த்தே வரைபடம் போட வேண்டும். இம்முடிவைச் செயலாக்க அவருக்கும் சாண்ட்ஸ் முதலிய தோழர்களுக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920-களின் நடுவில் அவர் பெற்ற காப்புரிமையிலும், 1933-இல் செய்து முடித்த கரிய நிற மாதிரி டிராக்டரிலும் இந்த அமைப்பு உருப்பெற்றது. 1936-இல் டேவிட் பிரௌன் என்பவரின் தொழிற்சாலையிலிருந்து அது விற்பனைக்கு வந்தது.

அவ்வமைப்பைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்று நம் ஊர்களில் ஓடும் ஏறக்குறைய எல்லா டிராக்டர்களின் பின்புறத்திலும் இருப்பது அதுவே. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. ஆக மூன்று முனைகளில் கலப்பை டிராக்டருடன் பிணைக்கப்படுகிறது. கீழ்க்கைகள் இழுக்கின்றன, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் நீரியல் கருவி அவற்றைத் தூக்கவும் இறக்கவும் செய்கிறது. கலப்பை உழும்போது மண்ணின் எதிர்ப்பினால் முன்னோக்கிச் சாய முயல்கிறது. அப்போது மேற்கை அழுத்தப்படுகிறது. மண் இறுகும்போது அழுத்தம் கூடும், இளகும்போது குறையும். அந்த அழுத்தமே நீரியல் கருவியின் அடைப்பானைத் திறந்து மூடி, கலப்பையைச் சிறிது உயர்த்தவோ தாழ்த்தவோ செய்கிறது. முன்பு நெம்புகோலைப் பிடித்திருந்த இரண்டாம் ஆளின் வேலையை இப்போது மேற்கையே செய்துவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கலப்பையின் கனமும், மண் அதன்மேல் செலுத்தும் விசையும் டிராக்டரின் பின்சக்கரங்கள்மீது இறங்கி, அவை நிலத்தைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. ஆகவே கனத்துக்காகவே இரும்பைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. கொழு ஏதேனும் தடையில் சிக்கினால், மேற்கை டிராக்டரை முன்புறமாகவே தள்ளுகிறது, முன்சக்கரம் மேலெழுவதில்லை, பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். அவ்வளவே. உயிர்ப்பலி வாங்கிய ஒரு குறையை மூன்று இரும்புக் கைகளின் வைப்புமுறை நீக்கிவிட்டது என்பது யந்திர வரலாற்றின் அழகான செய்திகளுள் ஒன்று.

1938-இல் பெர்குஸன் அமெரிக்கா சென்று ஹென்றி போர்டைச் சந்தித்தார். எழுத்தில் ஒன்றுமில்லாமல், கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அதன் பயனாக 1939-இல் வந்த போர்ட்-பெர்குஸன் டிராக்டர் பெருவாரியாக விற்பனையாயிற்று. போர்டின் குடும்பத்தில் அடுத்த தலைமுறை பொறுப்பேற்றதும் உடன்பாடு முறிந்தது, வழக்கு நடந்தது, 1952-இல் 92½ லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். கைகுலுக்கலை நம்பியவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கலாம். அது நம் பொருளன்று. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் செய்யப்பெற்ற பெர்குஸனின் சிறிய சாம்பல் நிற டிராக்டர்கள் ஐந்து லட்சத்தையும் தாண்டின. எவரெஸ்ட் சிகரத்தை வென்ற எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்ததும் இவ்வகை டிராக்டர்களை ஓட்டிக்கொண்டுதான். கலப்பை இல்லாமல் டிராக்டர் பெரும் புகழ் பெற்ற ஒரே சந்தர்ப்பம் அதுவாகவே இருக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரம் கிடைத்த 1947-ஆம் ஆண்டில் உணவுப் பஞ்சம் நாட்டை அச்சுறுத்திக்கொண்டிருந்தது. அந்நிலையில் மத்திய அரசாங்கம் மத்திய டிராக்டர் அமைப்பு என்ற ஒன்றை நிறுவியது. போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் இங்கே விட்டுச்சென்ற கனமான சங்கிலிச்சக்கர டிராக்டர்களே அதன் தொடக்க முதல். அது எதிர்கொண்ட பகைவன் ஒரு புல். வடமொழியில் காசம் என்றும், இந்தியில் காஸ் என்றும், தமிழில் நாணல் என்றும் வழங்கும் புல்தான் அது. ஆற்றங்கரையில் வெள்ளிக் குஞ்சம்போல் பூத்து ஆடும்போது அதன் அழகில் மயங்காதவர் இல்லை. ஆனால் பந்தல்கண்டம், போபால், மாளவம் முதலிய மத்திய இந்தியப் பகுதிகளின் கரிசல் நிலத்தில் அது குடிபுகுந்து இலட்சக்கணக்கான ஏக்கர்களைத் தரிசாக்கியிருந்தது. கோதுமை விளைந்த ஊர்களில் குடிகள் நிலத்தை விட்டுவிட்டு வெளியேறினர்.

காரணம் பொருத்தமின்மையே. நாட்டுக் கலப்பை நாலைந்து அங்குல ஆழத்தைக் கீறும். நாணலின் வேர்த்தண்டோ அதற்கும் கீழே பின்னிப் படர்ந்திருக்கும். மேலே கீறக் கீற, அறுபட்ட தண்டின் ஒவ்வொரு கணுவும் புதிதாகத் துளிர்க்கும். உழுதவரே பகைவனைப் பெருக்கியவர் ஆவார். வேரை அடியோடு பெயர்க்க ஏறத்தாழ ஓரடி ஆழத்துக்கு மண்ணைப் புரட்ட வேண்டும். அதையும் கோடையில் செய்ய வேண்டும்; அப்போதுதான் மேலே வந்த வேர் வெயிலில் காய்ந்து சாகும். கோடையில் கரிசல் மண் கல்லாக இறுகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோதுமை அறுவடை முடிந்து முதல் மழை விழும் வரையுள்ள இரண்டு மூன்று மாதங்களே வேலைக்குரிய காலம்.

ஆழம், இறுக்கம், அவகாசம் ஆகிய மூன்றும் சேர்ந்து எந்த யந்திரம் வேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்துவிட்டன. ரப்பர்ச் சக்கர டிராக்டர் அந்நிலத்தில் நழுவும். சங்கிலிச்சக்கரம் தன் கனத்தைப் பரந்த இடத்தில் ஊன்றி நிலத்தைப் பற்றும். அதன் பின்னால் கனமான பெருங்கலப்பைகள் பூட்டப்பட்டன. 1949-ஆம் ஆண்டில் உலக வங்கி இந்தியாவுக்கு அளித்த கடன்களுள் ஒன்று, ஒரு கோடி டாலர், இவ்வேலைக்குரிய விவசாய யந்திரங்களை வாங்குவதற்கென்றே வழங்கப்பட்டது. ரயில்வேக்கு அளித்த கடனுக்கு அடுத்தபடியாக அவ்வங்கி நம் நாட்டுக்குத் தந்த இரண்டாவது கடன் இதுவாகும். ஒரு புல்லை அழிக்கச் சர்வதேசக் கடன் வாங்க நேர்ந்ததா என்று சிரிப்பவர்கள், அந்தப் புல் எத்தனை கிராமங்களை அழித்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. சங்கிலிச்சக்கர டிராக்டர் புரட்டிவிட்டுப் போன நிலத்தை அடுத்த பருவத்தில் உழ வேண்டியவர் பழைய மாடும் மரக்கலப்பையும் உடைய குடியானவரே. பெரிய பெரிய கட்டிகளாகக் கிடந்த அந்த மண்ணை அவரால் ஒழுங்காகப் பண்படுத்த முடியவில்லையானால், மிஞ்சிய வேர்களிலிருந்து நாணல் மீண்டும் தலைதூக்கும். பெருங்கலப்பைக்கும் நாட்டுக் கலப்பைக்கும் இடைப்பட்ட நிலையில் உதவ நடுத்தர டிராக்டரும் அதற்குரிய சட்டிக் கலப்பையும் பலுகும் தேவைப்பட்டன. நாட்டுக்குத் தேவை மலை பெயர்க்கும் யந்திரம் மட்டுமன்று, படிப்படியாக அமைந்த ஒரு வரிசை என்பதை இந்த அனுபவம் உணர்த்தியது.

அவ்வாறு வரிசையாகவே வந்து சேர்ந்த ஒரு தருணமும் உண்டு. 1955-இல் சோவியத் தலைவர்கள் புல்கானினும் குருஷ்சேவும் நம் நாட்டுக்கு விஜயம் செய்தனர். அதையடுத்து சோவியத் நாடு ஒரு பெரும் பண்ணைக்குத் தேவையான யந்திரங்களைப் பரிசாக அளித்தது. அவற்றைக்கொண்டு ராஜஸ்தானத்தின் சூரத்கரில் 30,000 ஏக்கரளவில் 1956-இல் மத்திய யந்திரப் பண்ணை தொடங்கப்பெற்றது. பரிசில் டிராக்டர்கள் மட்டும் வரவில்லை. அவற்றுக்கேற்ற கலப்பைகள், விதைப்புக் கருவிகள், அறுவடை யந்திரங்கள் யாவும் உடன் வந்தன. தனி விவசாயி ஒருவருக்கு இத்தகைய பாக்கியம் எங்கே கிடைக்கும்? அவர் முதலில் டிராக்டரைக் கடனில் வாங்குவார். கையிலிருக்கும் மீதிப் பணத்துக்கு ஒரு கொத்துக் கலப்பையும் ஒரு இழுவைப் பெட்டியும் வாங்குவார். அவ்வளவோடு வரிசை முடிந்துவிடும்.

நர்மதை நதிக்கரையில், முன்பு ஹோஷங்காபாத் என்று வழங்கிய நகருக்கு எதிர்க்கரையில், புத்னி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1955-இல் டிராக்டர்ப் பயிற்சி நிலையம் ஒன்றை மத்திய அரசாங்கம் அமைத்தது. 1959-இல் டிராக்டர்களைச் சோதிக்கும் பணியும் அங்குச் சேர்ந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், ஏமாற்று விளம்பரங்களிலிருந்து விவசாயியைக் காக்க 1919-இல் சட்டமியற்றி, மறு ஆண்டு முதல் இத்தகைய சோதனைகளை நடத்தி வந்தது. புத்னியின் பணியும் அவ்வழிப்பட்டதே. எஞ்சினின் திறன் எவ்வளவு என்று மட்டும் அங்கே பார்ப்பதில்லை. இழுவைக் கம்பியில் கிடைக்கும் திறன் எவ்வளவு, கருவிகளைச் சுழற்றும் பின்தண்டில் கிடைப்பது எவ்வளவு, நீரியல் கைகள் எவ்வளவு கனத்தைத் தூக்கும் என்று தனித்தனியே அளக்கிறார்கள். தூக்கும் வலுவை இணைப்பு முனையிலேயே அளந்தால் போதாது. அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னால் கனத்தை வைத்தும் அளக்க வேண்டும். கலப்பையின் கனம் உண்மையில் அங்கேதான் தொங்குகிறது! கலப்பையை மறந்து டிராக்டரை அளக்கக் கூடாது என்ற நெறி இந்த 610 மில்லிமீட்டரில் அடங்கியிருக்கிறது.

1959-ஆம் ஆண்டிலேயே பரீதாபாத்தில் ஐஷர் நிறுவனம் ஜெர்மன் கூட்டுறவுடன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாபே நிறுவனம் மாஸி பெர்குஸன் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. அயர்லாந்துக்காரரின் மும்முனை இணைப்பு அவருடைய பெயரோடேயே தமிழ்நாட்டில் உற்பத்தியாக இவ்விதம் வழி பிறந்தது. மகீந்திரா, எஸ்கார்ட்ஸ், பிஞ்சோரில் எச்.எம்.டி. என்று வரிசை நீண்டது. இவை யாவும் அயல்நாட்டு வரைபடங்களைக் கொண்டவை. துர்காபூரிலுள்ள மத்திய யந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களின் பிற்பகுதியில் இந்திய விஞ்ஞானிகளே 20 குதிரைத் திறனுள்ள ஒரு டிராக்டரை வடிவமைத்தனர். 1970-இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்று, 1974-இல் மொஹாலியிலிருந்து ‘ஸ்வராஜ்’ என்ற பெயரில் அது வெளிவந்தது. சிறிய வயலையும் சிறிய முதலையும் கருதிச் செய்த யந்திரம் அது.

ஆனால் கலப்பைகளின் கதை வேறு. டிராக்டர் பெரிய ஆலையில் பிறந்தது. அதன் பின்னால் பூட்டும் கருவியோ லூதியானா, மோகா, படாலா போன்ற ஊர்களின் சிறு பட்டறைகளில் பிறந்தது. இதை நான் குறையாகக் கூறவில்லை. பக்கத்து ஊர் மண்ணை அறிந்த பட்டறைக்காரர் விவசாயி கேட்டபடி ஒரு கொத்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பார். மறுநாளே பழுது பார்ப்பார். பழைய கிராமத்துத் தச்சரின் வாரிசு அவரே. தொல்லை வேறிடத்தில் எழுந்தது. சிறிய வகை டிராக்டரின் கீழ்க்கை முளை ஏறத்தாழ 22 மில்லிமீட்டர்க் கனம். பெரிய வகையில் அது 28. துளை பெரிதாகவும் முளை சிறிதாகவும் இருந்தால் கலப்பை ஆடும், உழுசால் கோணும், இரும்பு தேயும். இவற்றுக்கெல்லாம் இந்தியத் தர நிர்ணயங்கள் வகுக்கப்பட்டன. ஆயினும் தரநூல் பட்டறையின் வாசலைத் தாண்டி உள்ளே செல்வதற்கு நெடுநாள் பிடிக்கும்.

யந்திரக் கையேடுகளைத் தமிழில் பெயர்க்கும்போது இந்த இணைப்பைக் குறிக்க என்ன சொல் இடுவது என்று நான் தயங்கியதுண்டு. கடைசியில் ‘பொருத்தம்’ என்ற பழைய சொல்லே கைகொடுத்தது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், டிராக்டருக்கு ஒரு பொருத்தமேனும் பார்க்கலாம் அல்லவா? அதற்குச் சோதிடர் தேவையில்லை. பெருக்கல் வாய்பாடு போதும்.

30 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு கொழுக்களைக் கொண்ட இறக்கைக் கலப்பை, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுகிறது என்று கொள்வோம். அது வெட்டும் மண்ணின் குறுக்குப் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். நடுத்தர மண் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ அரைக் கிலோ எதிர்ப்புத் தருமாயின், மொத்த இழுவை 600 கிலோ. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, கலப்பைக்கு வேண்டிய திறன் சுமார் 9 குதிரைத் திறன். எஞ்சினில் பிறக்கும் திறனில் பல்சக்கரங்களிலும், டயரிலும், சக்கர நழுவலிலும் கழிந்தது போக, உழுவயலில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவே இழுவைக்குக் கிடைக்கும். ஆகவே 18 குதிரைத் திறனுள்ள எஞ்சின் வேண்டும். அதே கலப்பையை எதிர்ப்பு 0.8 கிலோவாக உள்ள இறுகிய மண்ணில் இறக்கினால், கலப்பையிலேயே 14 குதிரைத் திறன் செலவாகும். எஞ்சின் 28 இருந்தாக வேண்டும். மண் மாறியதும் பொருத்தம் மாறிவிட்டது. ஒப்பீட்டுக்காக ஒன்று சொல்கிறேன்: ஒரு நல்ல ஜோடி மாடு தொடர்ந்து தரும் திறன் ஒரு குதிரைத் திறனுக்கும் சற்றுக் குறைவே.

வேலையின் அளவையும் இவ்வாறே காணலாம். 60 சென்டிமீட்டர் அகலத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர் சென்றால் 2,400 சதுர மீட்டர். வரப்பில் திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஐந்திலொரு பங்கு கழித்தால், ஓர் ஏக்கருக்கு இரண்டு மணிக்குச் சற்று மேலாகும். கலப்பை டிராக்டருக்குச் சிறிதானால், அதே ஏக்கருக்கு அதிக முறை வயலைச் சுற்ற நேரும். எஞ்சின் சோம்பலாக ஓடி எண்ணெயைக் குடிக்கும். பெரிதானால் சக்கரம் நழுவும். உழவில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை நழுவுவது இயல்பு. அதற்கு மேற்பட்டால் எரிபொருள் மண்ணைத் தேய்க்கவும் டயரைத் தேய்க்கவுமே செலவாகிறது. டயரில் நீர் நிரப்புவதும் முன்புறத்தில் இரும்புக் கட்டிகளை மாட்டுவதும் இந்தக் கணக்கைச் சரிசெய்யவே, அழகுக்காக அல்ல.

இன்று இந்தியா உலகிலேயே மிகுதியான டிராக்டர்களைச் செய்யும் நாடாக விளங்குகிறது. 2022-23-ஆம் ஆண்டில் உள்நாட்டில் மட்டும் 9 லட்சத்துக்கு மேற்பட்டவை விற்றன. பழைய கேள்வியோ இன்னும் ஓயவில்லை. பஞ்சாபில் அது புகையாகவே எழுந்து நிற்கிறது. நிலத்தடி நீரைக் காக்கும்பொருட்டு 2009-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அங்கு நெல் நடவு ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதனால் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இருபது நாட்கள் கிடைப்பதே அரிதாயிற்று. அறுவடை யந்திரம் விட்டுச் செல்லும் வைக்கோலுக்குத் தீ வைப்பதே விரைவான வழி என்று ஆயிரக்கணக்கானோர் கண்டனர். புகை தில்லி வரை வந்தது.

வைக்கோலை வெட்டி ஒதுக்கிக்கொண்டே கோதுமையை விதைக்கும் ஒரு கருவியை லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தாரும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் 2001-க்குப் பிறகு கூடிச் செய்தனர். ‘ஹாப்பி சீடர்’ என்பது அதன் பெயர். முதல் மாதிரிகள் கனமாக இருந்தன, பின்வந்தவை இலேசாக்கப்பட்டன. அப்படியும் அதைச் செவ்வனே இயக்க 45 குதிரைத் திறனும் அதற்கு மேலும் உள்ள டிராக்டர் வேண்டும். டிராக்டர் நின்றாலும் பின்தண்டு சுழன்றுகொண்டிருக்க இரட்டைக் கிளட்ச் வேண்டும். 2018 முதல் மத்திய அரசாங்கம் தனி விவசாயிக்கு விலையில் பாதியும், விவசாயிகள் குழுவுக்கு நூற்றுக்கு 80-ம் மானியமாக வழங்கியது. ஆனால் 35 குதிரைத் திறன் டிராக்டரை முன்பே கடனில் வாங்கிவிட்ட சிறு விவசாயி, மானியத்தில் வரும் கருவியை எதன் பின்னால் பூட்டுவார்? அவருடைய டிராக்டர் பழுதற்றது, கருவியும் பழுதற்றது, இரண்டும் சேரவில்லை.

எனவே வாடகை நிலையங்களிலிருந்து பெரிய டிராக்டரும் கருவியும் சேர்ந்தே வரும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெர்குஸன் சொன்னதுபோல் இரண்டும் ஒரே யந்திரமாக வயலுக்கு வந்து சேரும். அப்படி வரும் ஒன்று நாளொன்றுக்கு விதைக்கக்கூடியது ஏறத்தாழ ஆறு ஏக்கர். இருபது நாட்களில் 120 ஏக்கர். ஓர் ஊரில் 1,200 ஏக்கர் நெல் அறுவடையானால், அந்த இருபது நாட்களில் பத்து ஜோடிகள் அவ்வூரில் நிற்க வேண்டும். மூன்றே நின்றால் 840 ஏக்கரின் சொந்தக்காரர்கள் வரப்பில் நின்று, தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.